பெற்றிசியாவின் கடற்பன்றி

அத்தியாயம் பதினான்கு

சென்ற கிழமை மாப்பிள்ளை றெஜினோல்டைப் பற்றி நான் இரண்டு வரி கடுமையாக எழுதிவிட்டேன் என்று ஆறு பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். குடி இல்லை, சிகரெட் இல்லை, கட்டாரில் நாலு வருடம் உழைத்தவன், கலியாணத்துக்கு முன்னமே பெண்ணின் அக்காவோடு இருந்து விளையாடுகிற நல்ல மனசுக்காரன். அவனை ஏன் கரித்துக்கொட்டுகிறீர்கள் என்று கேட்கிறீர்கள்.

பொறுங்கள். இந்தக் கிழமை நீங்களே கொட்டுவீர்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டவெளியில் கடலுக்குப் போகிற கிறகரிக்கும் எடித்துக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் பெற்றிசியா, வயது முப்பத்தைந்து. இருபது வயதில் ஒரு பஸ் விபத்தில் இடது கால் போனதோடு கலியாணப் பேச்சும் போய்விட்டது. வீட்டிலிருந்து தைக்கிறாள். இளையவள் ஜெனிற்றா முன்பள்ளி ரீச்சர். அவளுக்கும் உப்புக்குளத்து றெஜினோல்டுக்கும் பேசி முடித்து, சென்ற ஞாயிறு பூசையில் முதலாவது அறிவித்தலும் வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு இரண்டு பேரின் பெயரையும் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பாதரிடம் வந்து சொல்ல வேண்டும். மூன்றும் தாண்டிவிட்டால் பாதி மாலை கழுத்தில் விழுந்த மாதிரித்தான்.

நாளை இரண்டாவது அறிவித்தல். இன்று சனிக்கிழமை.

இனி அந்தக் கேம் பெட்டி. வெளிநாட்டில் பிள்ளைகள் பைக்கற் பைக்கற்றாக வாங்கிச் சேர்க்கிற படம் போட்ட அட்டைகள் இருக்கின்றனவே, அந்த விளையாட்டையே கையடக்கமான ஒரு பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே அட்டை சேர்க்கலாம், அட்டைகளை மோதவிடலாம், பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நோர்வேயிலிருந்து மடு மாதா திருநாளுக்கு வந்த மச்சான் ஒருவன் பெற்றிசியாவிடம் ஒன்றை விட்டுவிட்டுப் போனான். மத்தியானம் தையல் மெசினை மூடியதும் அவள் அதைத் திறப்பாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். முப்பத்தைந்து வயதில் பொம்பிளைக்கு விளையாட்டோ என்றார்கள். அவர்கள் மத்தியானத்தில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஏழு மாதம் விளையாடி அவள் ஒரே ஒரு அபூர்வ அட்டை எடுத்தாள். நீலத் தண்ணீருக்குள் ஒரு கொழுத்த பிராணி. அதன் பெயர் வாயில் நுழையாது. கிறகரிதான் பார்த்துவிட்டு, "இது எங்கட கடற்பன்றியெல்லோ" என்றார். அன்றிலிருந்து அது கடற்பன்றிதான்.

பத்து நாளைக்கு முன்னம் றெஜினோல்ட் தன் பெட்டியோடு வந்தான். "அக்கா, அந்தக் காட்டை, அதுதான் கடற்பன்றி அட்டையை, எனக்கு அனுப்புங்கோ. நடுவில நிப்பாட்டினால் ரெண்டு பேரிட்டயும் நிக்கும். ஒண்டை ரெண்டாக்கித் தாறன்" என்றான். கடைசியில் அட்டை இல்லை. "உங்கட பற்றரி செத்துப்போச்சக்கா. ரெண்டு பக்கமும் இல்லாமப் போச்சு" என்று உச்சுக் கொட்டினான். பெற்றிசியா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தாள்.

இவ்வளவுதான் கதை. இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

*

காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தான். கலியாணப் பந்தல் போடுகிற கொட்டகைக்காரனைப் பார்க்கக் கிறகரியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகும்போது தன் பெட்டியை ஜெனிற்றாவிடம் நீட்டினான்.

"எங்கட பக்கம் விடியத்தொடக்கம் கரண்ட் இல்லை. இதை ஒருக்கா சார்ஜில போட்டுவிடும், ஜெனிற்றா."

"ஓம், வைச்சிட்டுப் போங்கோ."

மோட்டார்சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டியதும் ஜெனிற்றாவுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. இவனுடைய பெட்டியில் விளையாடி அந்த அட்டையை வென்று அக்காவுக்குக் கொடுத்தால் என்ன? கலியாணம் முடித்துப் போகுமுன் அக்காவுக்கு இரண்டு பேரின் பெயரிலும் ஒரு நன்றி மாதிரி. பாருங்கள், அவள் அவனுக்கும் சேர்த்துத்தான் நல்லது நினைத்தாள்.

அக்கா விளையாடும்போது தோளுக்குமேலால் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஓரளவு கைவந்திருந்தது. அட்டைக் கட்டைத் தெரிவு செய்யச் சொன்னது. முதலாவதாக இருந்த கட்டை அமுக்கினாள். எதிராளியாகப் பெட்டியே இருந்தது. ஐந்து அட்டை கைக்கு வந்தது. ஒரு நெருப்புப் பல்லியை இறக்கினாள், அது அடிபட்டு விழுந்தது. ஒரு கல் ஆமையை மறிக்க விட்டாள், அது நின்று பிடித்தது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது அட்டை எடுக்க வேண்டும். மூன்றாம் முறை எடுத்தாள், நாலாம் முறை எடுத்தாள். இரண்டு புள்ளி முன்னுக்கு நின்றாள். ரீச்சரம்மா கதிரையில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, முன்பள்ளிப் பிள்ளைகளைப் போல நாக்கை வெளியே நீட்டியபடி விளையாடினாள்.

ஐந்தாம் முறை எடுத்த அட்டை நீலமாக இருந்தது.

கடற்பன்றி.

அவனிடமும் ஒன்று இருக்கலாம்தானே என்று முதலில் நினைத்தாள். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கும். அட்டையை அமுக்கிப் பெரிதாக்கினாள். கீழே ஒரு மூலையில், அந்த அட்டையை முதன்முதல் வென்ற ஆளின் பெயரைப் பெட்டி எழுதி வைத்திருக்கும். யாராலும் அழிக்க முடியாது. ஆங்கில எழுத்தில் இருந்தது: பெற்றிசியா.

ஜெனிற்றா விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டைத் திறந்தாள். முப்பது அட்டைகள். ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஒன்றில்கூட றெஜினோல்டின் பெயர் இல்லை. பஸ்லான் என்று இருந்தது. சிலாவத்துறைப் பெடியன், கட்டாரில் ஒரே அறையில் இருந்தவன், தகப்பன் மௌத்தாகி அவசரமாக ஊருக்கு வந்தவன் என்று றெஜினோல்டே ஒரு நாள் கதை சொல்லியிருந்தான். பஸ்லானுடைய அட்டைகள் ஒன்பது. மற்றவை வேறு வேறு பெயர்கள். மொத்தம் பதினான்கு பேர்.

கட்டுக்கு ஒரு பெயர் வைக்கலாம். இவனும் வைத்திருந்தான். சிங்களத்தில், ஆங்கில எழுத்தில்: 'மோடயோ'. மடையர்கள் என்று அர்த்தம்.

ஜெனிற்றா பெட்டியை மேசையில் வைத்தாள். எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று எச்சிலைத் துப்பினாள், திரும்பவும் துப்பினாள். பசிக்காக எடுத்தவனைப் பார்த்திருக்கிறாள். முன்பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை ஆசைக்கு எடுத்த பிள்ளையைத் தினமும் பார்க்கிறாள், கேட்டால் அது அழும். எடுத்ததற்குப் பெயர்ப்பலகை போட்டு அடுக்கி வைத்து அழகு பார்க்கிற ஆளை அவள் பார்த்ததில்லை.

*

இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். பெற்றிசியா பாடகர் குழுவுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கையைத் துடை. உன்ர கடற்பன்றி இதுக்குள்ள நிக்குது. நான் இதில அனுப்பிறன், நீ உன்ரையில ஓமெண்டு அமத்து."

பெற்றிசியா மெசினை நிறுத்தினாள். பெட்டியைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"அதை வைச்ச இடத்தில வை."

"பற்றரி சாகேல்லையக்கா. அவர் எடுத்து வைச்சிருக்கிறார்."

"எனக்குத் தெரியும்."

ஜெனிற்றா கதிரை இருக்கிறதா என்று பார்க்காமலே இருக்கப் போனாள், நல்லகாலம், கட்டில் இருந்தது.

"பற்றரி அண்டைக்கு விடியத்தான் முழுக்கச் சார்ஜ் பண்ணினது" என்றாள் பெற்றிசியா. "அவர் போனாப்பிறகு திறந்து பாத்தனான். குடுத்தது ஒண்டு, எடுத்த ஆள் றெஜி எண்டு பெட்டியே சொல்லுது."

"தெரிஞ்சுகொண்டோ மன்னிப்புக் கேட்டனி?"

"மன்னிப்புக் கேட்டது முதல். பெட்டியைப் பாத்தது பிறகு." பெற்றிசியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அடுத்த நாளும் வந்து 'பாவம் அக்கா, உங்கட காட் போச்சு' எண்டு சொன்னவர். அப்பவும் நான் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி போட்டனான்."

"ஏன்?"

"உனக்குப் பேசின ரெண்டு இடம் எப்பிடிக் குழம்பினதெண்டு மறந்துபோனியோ? மூத்தது வீட்டில இருக்கேக்க இளையதை எப்பிடி எடுக்கிறதெண்டு போனவை. இந்த மனுசர் ஒண்டும் சொல்லாமல் ஓமெண்டவை. ஒரு காட்டுக்காக இதையும் நானே குழப்பிறதோ?"

"சரி, இப்ப எடு. அமத்து."

"வேண்டாம். எடுத்தால் அவருக்குத் தெரிஞ்சுபோம்."

ஜெனிற்றா அக்காவின் கையைப் பிடித்துப் பொத்தானில் வைக்கப் பார்த்தாள். பெற்றிசியா நெருப்பைத் தொட்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள். கலியாணம் முடிந்தபிறகும் அவன் இந்த வீட்டுக்கு வந்துபோகப் போகிறவன். அவளோ எங்கேயும் போக முடியாதவள். அவளுக்கு அவனில் பயம். பத்து நாளிலேயே அவளைப் பயப்பிடப் பழக்கிவிட்டான், அதுவும் சிரித்துச் சிரித்தே.

எனக்கு அவனைவிட அந்தத் தேத்தண்ணியில்தான் கூடக் குமட்டுகிறது.

*

மத்தியானம் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு. நண்டுக் குழம்பு, சுறா வறை, முருங்கையிலைச் சொதி. நண்டு பெற்றிசியாவின் கைப்பக்குவம். றெஜினோல்ட் நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினான். விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சூப்பினான்.

"அக்கான்ர கையை வெட்டி எங்கட வீட்டை கொண்டுபோகவேணும் போல கிடக்கு" என்றான்.

கிறகரி சிரித்தார். "பெடியன் நல்லாச் சாப்பிடுறான்" என்று மனைவியிடம் சொன்னார். கடலுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுகிற ஆள் எல்லாரும் நல்ல ஆள்தான்.

அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது ஜெனிற்றா பின்னால் போனாள். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"உங்கட பெட்டியில அக்கான்ர காட் நிக்குது."

வெட்கப்படுவான், மழுப்புவான், அல்லது பொய் சொல்லுவான் என்று மூன்றுக்கும் மூன்று பதில் யோசித்து வைத்திருந்தாள். அவன் மூன்றும் செய்யவில்லை. முகம் மலர்ந்தது.

"ஓ, பாத்திட்டீரோ? நான் கலியாணத்துக்குப் பிறகு காட்டுவம் எண்டு வைச்சிருந்தனான். எப்பிடி?"

"ஏன் எடுத்தனீங்கள்?"

"பகிடிக்குத்தான். அவவின்ர முகத்தை நீர் பாத்திருக்கவேணும். பற்றரியைத் தட்டித் தட்டிப் பாக்கிறா. பிறகு என்னட்டயே மன்னிப்புக் கேக்கிறா." அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டுத் தந்தவ."

"பஸ்லானிட்டயும் பகிடிக்கோ?"

"அவன் தேப்பன் செத்த நாள் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அழுதுகொண்டிருந்தவன். பெட்டியை என்னட்டத் தந்து பத்திரமா வைச்சிரு எண்டான். நான் பத்திரமாத்தான் வைச்சிருக்கிறன்."

"அக்கான்ரையைத் திருப்பிக் குடுங்கோ."

"விசரே உமக்கு? குடுத்தால் பிறகு என்ன பகிடி? அவ திரும்ப விளையாடி எடுக்கட்டும். அவவுக்கு வேற என்ன வேலை."

சொல்லிவிட்டு ஈரக் கையை அவள் தோளில் வைத்தான். மூன்று கிழமையில் கணவனாகப் போகிறவன், வைக்கலாம்தான். நண்டு மணத்தது. ஜெனிற்றாவுக்கு அந்தத் தோளையே கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. வாளியைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் அப்பா இருந்தார், கொட்டகைக்காரனுக்குச் சொல்லியாயிற்று, அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஒன்றரை மணிக்குப் புறப்பட்டான். போகும்போது தையல் அறை யன்னலுக்குள் தலையை நீட்டி, "அக்கா, கடற்பன்றி திரும்ப ஆம்பிடேல்லையோ?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லைத் தம்பி" என்றாள் பெற்றிசியா.

*

ஜெனிற்றா சொன்ன எல்லாவற்றையும் எடித் கேட்டாள். குசினியில் சட்டி கழுவிக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"முடிஞ்சுதோ? இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள்ள ஒரு பன்றிப்படம்."

"படம் இல்லையம்மா. அவர் சிரிக்கிறார்."

"சிரிக்கிற புருசன் கிடைச்சதுக்கு மெழுகுதிரி கொளுத்து. குடிச்சுப்போட்டு அடிக்கிறவங்களுக்கு வாழ்க்கைப்பட்டவளுகளைப் போய்க் கேளு." எடித் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "முதலாம் அறிவித்தல் வாசிச்சாச்சு. இப்ப நிண்டால் பெடியனில பிழையெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். பொம்பிளையில என்ன பிழையெண்டுதான் கேப்பினம். உன்ர கலியாணமும் நிண்டதெண்டால் நீயும் அக்காவுக்குப் பக்கத்தில இன்னொரு தையல் மெசின் போட்டுக்கொண்டு இரு."

"அக்காவை ஏமாத்தினவர் என்னை ஏமாத்தமாட்டாரோ?"

"உன்னட்ட என்ன கிடக்கு எடுக்கிறதுக்கு?" என்றாள் எடித். கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில், "நாளைக்குப் பூசைக்கு நீ வரக்கூடாது. தன்ர பேர் வாசிக்கேக்கப் பொம்பிளை கோயிலில நிக்கிறதில்லை. வீட்டில இரு. வாசிச்சு முடிஞ்சால் மனம் தன்ர பாட்டில சரிவரும்" என்றாள்.

எடித்தை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வருடமாக ஒரு மகளைக் கரையேற்ற முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். ஆனால் பாருங்கள், அந்த வீட்டில் நாலு பேர். ஒருத்தியைக் கொள்ளையடித்திருக்கிறான். கொள்ளை போனவள் தேத்தண்ணி போடுகிறாள், தாய் சட்டி கழுவுகிறாள், தகப்பன் படுத்து நித்திரை. ஒருத்தன் துப்பினால் துடைத்துவிட்டுக் கதிரை எடுத்துப் போடுகிற பழக்கம் எங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை.

*

நாலு மணிக்கு ஜெனிற்றா கோயிலுக்குப் போனாள்.

பாதர் இருக்கிற வீட்டுப் படியில் ஒரு குமர்ப்பிள்ளை ஏறினால் ஐந்து நிமிடத்தில் ஊருக்குத் தெரியும். அதுவும் அறிவித்தல் வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளை ஏறினால் கேட்கவே வேண்டாம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனம், பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற நேரம். வரிசையில் யாரும் நிற்கலாம், யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள். நல்ல வழி என்று நினைத்தாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். முழங்கால் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள்.

பாவம் சொல்லுகிற கூட்டை எங்கள் பக்கம் தொட்டி என்பார்கள், அதற்குள் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பாதரின் காது மட்டும் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். கடற்பன்றி, பஸ்லான், மடையர் கட்டு, சிரிப்பு, தோளில் வைத்த கை. தன் வாய் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். கடைசியில், "நாளைக்கு எங்கட பேரை வாசிக்காமல் விடுங்கோ பாதர். கொப்பியில விடுபட்டுப்போச்செண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் மெல்ல மெல்லப் பாத்துக்கொள்ளுவன்" என்றாள்.

பாதர் தடுப்புக்குக் கிட்டக் குனிந்தார்.

"பிள்ளை, பிழையான இடத்தில சொல்லிப்போட்டீர்."

"ஏன் பாதர்?"

"தொட்டிக்குள்ள கேட்டதை வைச்சு நான் வெளியில ஒரு விரலும் அசைக்கேலாது. வாசிக்காமல் விடுறதும் அசைக்கிறதுதான். நீர் இதைச் சொல்லேல்லை எண்ட மாதிரித்தான் நாளைக்கு நான் நிக்கவேணும்."

ஜெனிற்றா தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்க ஒளித்து வந்து சொன்ன இடம், கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி ஆயிற்று.

"வெளியில வந்து சொல்லும்" என்றார் பாதர். "அஞ்சு மணிக்குப் பூசை உடுப்பு மாத்துற அறையில இருப்பன். அங்க எனக்கு முன்னால நிண்டு, உம்மட வாயால சொல்லவேணும். நான் புதுசாத்தான் கேப்பன். காட் எடுத்தது கலியாணத்துக்குத் தடையில்லை. ஆனாப் பொம்பிளைக்கு விருப்பமில்லையெண்டால் அதைவிடப் பெரிய தடையும் இல்லை."

வெளியே வந்து கோயிலின் பின்வரிசை வாங்கில் இருந்தாள். இருந்து யோசித்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. 'விடுபட்டுப்போச்செண்டு சொல்லுங்கோ' என்று கேட்டாளே, அதுவும் ஒரு பற்றரி செத்த கதைதான். ஒருத்தருக்கும் தெரியாமல், தன் கை படாமல், காரியம் முடிய வேண்டும். தன்னிலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்புத்தான் அவளை எழுப்பி நடத்தியது என்று நான் நினைக்கிறேன்.

*

உடுப்பு மாற்றுகிற அறைக்குள் பாதர் மட்டும் இருக்கவில்லை. பீடத்துக்குப் பூ அடுக்குகிறவ திரேசம்மாவும் நின்றா. றெஜினோல்டின் தாய். சனிக்கிழமைப் பூ அவவின் முறை. உப்புக்குளத்திலிருந்து மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான், பிறகு வந்து ஏற்றுவான்.

"வாரும் மோள்" என்றா திரேசம்மா. "நாளைக்கு நீர் பூசைக்கு வரப்படாது, தெரியுந்தானே?"

"ஓம் மாமி."

பாதர் மேசையில் அறிவித்தல் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். அரை மணித்தியாலத்துக்கு முன்னம் எல்லாவற்றையும் கேட்ட அதே மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லும் பிள்ளை, என்ன விசயம்?"

ஜெனிற்றா திரேசம்மாவைப் பார்த்தாள். மாமி வெளியே போவா என்று கொஞ்சம் பொறுத்தாள். மாமி போகவில்லை. செவ்வரத்தம் கொப்பு ஒன்றை வெட்டிக்கொண்டு நின்றா.

"நாளைக்கு எங்கட பேரை வாசிக்க வேண்டாம் பாதர்."

கத்தரிக்கோல் நின்றது.

"காரணம்?" என்றார் பாதர்.

"எனக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லை." மாமியைப் பார்க்காமலே தொடர்ந்து சொன்னாள். "அவர் எங்கட அக்காவை ஏமாத்தி அவவின்ர ஒரு சாமானை எடுத்தவர். சின்னச் சாமான்தான், ஒருத்தரும் பெரிசா எடுக்கமாட்டினம். எடுத்துப்போட்டு அவவையே மன்னிப்புக் கேக்க வைச்சவர். கேட்டால் சிரிக்கிறார் பாதர். எடுத்ததைக்கூட நான் பொறுத்திருப்பன். அந்தச் சிரிப்போட என்னால ஒரு வீட்டில இருக்கேலாது. எனக்கு அவரில அருவருப்பாக் கிடக்கு."

பாதர் பேனையை எடுத்தார். கொப்பியில் இரண்டு பெயருக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் திகதி போட்டார்.

"எனக்கு இது போதும்" என்றார். கொப்பியை மூடி எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

இரண்டு பெண்களும் தனியே நின்றார்கள். ஜெனிற்றா அடிக்குத் தயாரான பிள்ளை போல நின்றாள். மாமி கத்துவா, என்ர மகனையோ சொன்னனி என்று கேட்பா, காலேலாத தமக்கையை இழுத்து ஒரு சொல் சொல்லுவா, எல்லாம் எதிர்பார்த்தாள். திரேசம்மா கத்தரிக்கோலை மேசையில் வைத்தா. சிந்திக் கிடந்த இலைகளை ஒன்றொன்றாகப் பொறுக்கினா.

"காலேலாத பிள்ளையிட்டயோ எடுத்தவன்" என்றா.

"ஓம் மாமி."

"என்னட்ட எடுக்கேக்கையும் சிரிச்சவன்தான்."

ஜெனிற்றாவுக்கு முதலில் அது காதில் விழுந்தது மட்டும்தான். விளங்கியபோது அவள் முகம் கறுத்தது. இந்த மனுசிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பெண் கேட்டு வந்தவ, மூத்தவள் வீட்டில் இருப்பதைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் ஓமென்றவ, சென்ற ஞாயிறு முன்வரிசையில் நின்று மகனின் பெயர் வாசிப்பதைக் கேட்டவ.

"என்னத்தை எடுத்தவர்?" என்றாள்.

திரேசம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோது கோயில் வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான், தாயைக் கூப்பிடுகிற ஹோர்ன். பொறுக்கிய இலையெல்லாம் அவவின் கையிலிருந்து திரும்பவும் கீழே கொட்டுண்டது. ஜெனிற்றாவுக்குக் கிட்ட வந்து, அவள் கையை இறுக்கிப் பிடித்து, இரகசியமாகச் சொன்னா:

"நான் இதைச் சொன்னனெண்டு மட்டும் அவனிட்டச் சொல்லிப்போடாதையும் பிள்ளை."